கழுவிவிட்டு வரச் சொன்ன கால்

எழுதத் துணிந்ததற்கு முதலில் என்னை மன்னிக்க வேண்டும். பத்தாவது வரைதான் படித்தேன். நாலு பேர் முன்னால் நின்று பேசச் சொன்னால் எனக்கு வாய் உலர்ந்துவிடும். போன மாதம் கோயில்பிள்ளைகளின் கூட்டத்தில், முப்பத்தொரு வருட அனுபவம் உள்ளவன் என்று சொல்லி, ஈஸ்டருக்கு முந்தின பெரிய வார வேலைகளைப் பற்றிப் பேச என்னைக் கூப்பிட்டார்கள். பேச மாட்டேன், எழுதித் தருகிறேன் என்று தப்பித்தேன். எத்தனை மெழுகுவர்த்தி, எத்தனை துண்டு என்று ஒரு பட்டியல்தான் அவர்கள் எதிர்பார்த்திருப்பார்கள். அதையும் தனியாக எழுதிக் கொடுத்துவிட்டேன். இது வேறு.

இதை எழுத வைத்தது ஒரு வாட்ஸ்அப் செய்தி. இந்த வருடம் பாதம் கழுவும் சடங்குக்குத் தேர்ந்தெடுத்த பன்னிரண்டு பேருக்கும் எங்கள் பங்குக் கோயிலிலிருந்து ஒரு செய்தி அனுப்பியிருந்தார்கள். ஐந்து மணிக்கு வரவும், வேட்டி அணியவும், கால்களை நன்றாகச் சுத்தம் செய்துகொண்டு வரவும் என்று இருந்தது. அந்தக் கடைசி வரியை யாரும் வித்தியாசமாக நினைக்கவில்லை. எங்கள் கோயிலில் அது பல வருடமாக உள்ள பழக்கம். அதை ஆரம்பித்தவன் நான்.

வெளி ஆட்கள் யாராவது படித்தால் புரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். பூசைக்கு வேண்டியதை எடுத்து வைத்து, மணியடித்து, விளக்கேற்றி, கடைசியில் கதவைப் பூட்டுகிறவன்தான் கோயில்பிள்ளை. மயிலாப்பூருக்கும் ராஜா அண்ணாமலைபுரத்துக்கும் நடுவில் ஒரு கத்தோலிக்கக் கோயிலில் இருபத்தைந்து வயதில் சேர்ந்தேன். எனக்கு முன்னால் இருந்தவர் மூன்று மாதம் கூட வைத்துச் சொல்லிக்கொடுத்தார். எந்தத் திருநாளுக்கு என்ன நிறம், நற்கருணைப் பாத்திரத்தைத் துடைத்த துணியை முதலில் எந்தத் தண்ணீரில் அலசி எங்கே ஊற்ற வேண்டும், சாவு மணிக்கும் சாதாரண மணிக்கும் என்ன இடைவெளி. மீதி எல்லாம் தப்பு செய்து கற்றுக்கொண்டது. பீடத்துக்கு ஓரமாக, தூணை ஒட்டி நின்றால் யார் கண்ணிலும் பட மாட்டோம். என் சுபாவத்துக்கு ஏற்ற வேலை.

பெரிய வியாழன் மாலைப் பூசையில் குருவானவர் பன்னிரண்டு பேருடைய பாதங்களைக் கழுவுவார். இயேசு தன் சீடர்களுக்குச் செய்ததை நினைத்துச் செய்வது. ஆறு நாற்காலி இந்தப் பக்கம், ஆறு அந்தப் பக்கம், எதிரெதிராகப் போட வேண்டும். ஒரு பித்தளைத் தாம்பாளம், நீண்ட மூக்கு உள்ள கூஜா, பதினான்கு வெள்ளைத் துண்டு. பன்னிரண்டு காலுக்குப் பன்னிரண்டு, ஒன்று சாமியார் இடுப்பில் கட்ட, ஒன்று அவர் கை துடைக்க. வலது கால் மட்டும்தான். தண்ணீரை முன்பே சுடவைத்து ஃப்ளாஸ்கில் வைத்திருப்பேன். நற்செய்தி வாசிக்க எல்லோரும் எழுந்து நிற்கும்போது உள்ளே போய்ப் பச்சைத் தண்ணீருடன் கலப்பேன். முழங்கையை நனைத்துப் பார்த்தால் சூடும் தெரியக் கூடாது, குளிர்ச்சியும் தெரியக் கூடாது.

நான் சேர்ந்த சில வருடங்களில், பழைய பங்குத்தந்தை காலத்தில், ஒரு கொத்தனார் நேராக வேலையிலிருந்து வந்து உட்கார்ந்துவிட்டார். அவர் காலைக் கழுவியதும் தாம்பாளத்துத் தண்ணீர் சாம்பல் நிறமாகிவிட்டது. பாடகர் குழுவில் சிரிப்புச் சத்தம் கேட்டது. பூசை முடிந்து பங்குத்தந்தை என்னிடம், "துண்டப் பாத்தியா?" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அடுத்த வருடத்திலிருந்து பன்னிரண்டு பேரையும் முன்னதாக வரச் சொல்லி, கோயிலுக்குப் பின்னால் குழாயடியில் வரிசையாக நிறுத்தி, கால்களைப் பார்க்க ஆரம்பித்தேன். ஒரு சோப்பு, ஒரு பிரஷ் வைத்திருப்பேன். யாராவது வராவிட்டால் உட்கார வைக்கப் பதிமூன்றாவதாக ஒருவரையும் தயாராக வைத்திருப்பேன்.

போகப் போக குழாயடியில் எனக்கு வேலையே இல்லாமல் போனது. வீட்டிலேயே மனைவிமார்கள் குதிகாலைக் கல்லால் தேய்த்து அனுப்பினார்கள். சிலர் வாசலின் தடவி வருவார்கள், தண்ணீர் ஒட்டாமல் ஓடும். கோபாலபுரத்திலிருந்து வரும் ஒரு பெரியவர் தி.நகரில் பியூட்டி பார்லருக்கே போய்விட்டு வந்தார். கோயில் வாசல் ஆட்டோ ஸ்டாண்டில் அதைப் பார்த்த சேவியர் என்கிற டிரைவர், "இன்னா மாமா, காலு கல்யாணப் பொண்ணு காலு மாரி கீது, பாத்து எட்த்து வை" என்றார். பெரியவருக்குக் கோபம். ஸ்டாண்டே சிரித்தது.

சேவியர் என்பது அவருடைய உண்மைப் பெயர் இல்லை. எழுதலாமா என்று கேட்டேன். "எழுதிக்கோ, நானா படிக்கப் போறேன்" என்றார்.

அவர் ஞாயிறு தவறாமல் வருவார். ஆனால் உள்ளே வர மாட்டார். வாசலுக்கு வெளியே, ஆட்டோவில் சாய்ந்தபடி, ஒலிபெருக்கியில் முழுப் பூசையையும் கேட்பார். காரணம் எல்லோருக்கும் தெரியும். அடையாறில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுக் குடித்த நிலையில் ஆட்டோ ஓட்டி வந்தார். வண்டி கவிழ்ந்து, பின்னால் இருந்த மனைவி இறந்துபோனார். அடக்கப் பூசைக்கு மணி அடித்தது நான்தான். அன்றைக்குப் பிறகு ஒன்பது வருடம் அவர் கோயில் படி ஏறவில்லை. குடியை விட்டுவிட்டார். ஒரே மகள் பாலவாக்கத்தில் கட்டிக்கொடுத்திருந்த இடத்தில் இருந்தாள். அப்பாவிடம் அதிகம் பேச மாட்டாள்.

அப்போது பங்குத்தந்தையாக இருந்தவர் ஃபாதர் இருதயராஜ். திட்ட மாட்டார். நாம் ஒன்றைத் தப்பாகச் செய்தால், நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதைக் கலைத்துத் தானே சரியாகச் செய்வார். பீடத்துணியின் மடிப்பு பிசகினால் போதும், விரித்துத் திரும்ப மடிப்பார். திட்டினாலே தேவலாம் என்று இருக்கும். வெள்ளிக்கிழமைதோறும் மூன்று மணிக்கு அடையாறில் ஒரு வயதான குருவிடம் தன் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெற, பாவசங்கீர்த்தனம் செய்யப் பஸ்ஸில் போவார். மழை என்றாலும் போவார். வாரா வாரம் சொல்லும்படி இவர் என்ன செய்துவிடுகிறார் என்று எனக்குத் தோன்றும். ஒருநாள் கேட்டும் விட்டேன். அவர் குடையைத் தேடிக்கொண்டே, "நேத்து உதிரி மெழுகுவர்த்திக்காக உன்கிட்ட மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டேனே, மறந்துட்டியா?" என்றார். நான் மறந்துதான் இருந்தேன்.

அவர் வந்த முதல் வருடம் பெரிய வியாழன் பூசை முடிந்ததும் தாம்பாளத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "ஆரோக்கியம், பன்னெண்டு கால் கழுவியிருக்கேன். தண்ணி அப்படியே இருக்குதே" என்றார். பாராட்டு என்று நினைத்துக்கொண்டேன். குழாயடி விஷயம் அவருக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அன்றைய பிரசங்கத்தில்கூட, ஞானஸ்நானத்தில் ஒருமுறை முழுக்கக் குளித்தாகிவிட்டது, ஆனால் அதற்குப் பிறகு நடந்துகொண்டேதானே இருக்கிறோம், கால் அழுக்காகாமல் யார் நடந்திருக்கிறார்கள், அதனால்தான் இயேசு கால் நீட்டச் சொல்கிறார் என்று பேசினார். நான் தூணோரம் நின்று, தண்ணீர் ஆறிவிடுமோ என்ற கவலையில் கேட்டேன்.

சேவியரோடு அவர் ஒரு வருடம் பேசினார். ஞாயிறு பூசை முடிந்து கூட்டம் கலைந்ததும் வாசலுக்குப் போய் ஆட்டோவில் உட்கார்ந்துவிடுவார். கேஸ் விலை, கிரிக்கெட், மகளுக்குப் பிறந்த பிள்ளை, இவைதான் பேச்சு. பாவசங்கீர்த்தனம் என்ற வார்த்தையை எடுத்தாலே சேவியர் வண்டியைக் கிளப்பிவிடுவார். கடைசியில் ஃபாதர், "நீ ஒண்ணும் சொல்ல வேணாம். ஒரு நாற்காலியில வந்து கால நீட்டு, போதும்" என்று அவரைப் பன்னிரண்டில் ஒருவராகச் சேர்த்தார். சேவியர் சிரித்து மழுப்பினார். ஆனால் இரண்டு நாள் முன்னால் என்னைத் தேடி வந்து, எந்த வாசல் வழியாக வர வேண்டும், வேட்டியா பேன்ட்டா என்று கேட்டார். பிறகு தயங்கி, "பொண்ணு வரேன்னுச்சு நைனா. அவங்கம்மா போனதுக்கு அப்பால என்ன இட்டுகினு அது கோயிலுக்குப் போனதே இல்ல" என்றார்.

அன்று அவர் மற்றவர்களோடு வரவில்லை. பூசைக்குக் கால் மணி நேரம்தான் இருந்தது. சவாரியில் மாட்டிக்கொண்டாராம். புது வேட்டி, வெள்ளைச் சட்டை. கீழே காலைப் பார்த்தேன். வெடிப்பு வெடிப்பாகக் குதிகால், வெடிப்புக்குள் எல்லாம் வண்டி எண்ணெயின் கறுப்பு. வலது பெருவிரலில் துணிக்கட்டு, ஓரம் மஞ்சளாக ஊறியிருந்தது. சர்க்கரை நோய்க்காரர், புண் ஆறவில்லை என்றார்.

நான் சோப்பும் பிரஷும் கொடுத்தேன். அவர் குழாயடியில் குந்தி உட்கார்ந்து தேய்த்தார். பதினொரு பேரும் ஓரமாக நின்று பார்த்தார்கள். கறுப்பு போகவில்லை. அந்த வருடம் முதல்முறையாகப் பூசையை யூடியூபில் நேரடியாகக் காட்டினார்கள். பீடத்துக்குப் பக்கத்தில் கேமராவை, குருவானவர் குனிந்தால் அவர் முகமும் காலும் தெரியும்படி வைத்திருந்தார்கள். ஃபாதர் கழுவிய காலை முத்தமிடுகிற வழக்கம் உள்ளவர். நான் அந்தத் துணிக்கட்டையும் கேமராவையும் நினைத்தேன். சேவியரை நினைக்கவில்லை.

"அண்ணே, இந்த வருசம் வேணாம். அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்றேன்.

அவர் தேய்ப்பதை நிறுத்தினார். "ஃபாதர் சொன்னாரா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர் சொன்னதாகவும் நான் சொல்லவில்லை. மணியடிக்க நேரமாகிவிட்டது என்பதுபோல் கோபுரத்துப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் குழாயை மூடி, சோப்பைக் கழுவி அதன் இடத்தில் வைத்தார். "சர்தான் கோயில்புள்ள" என்றார். செருப்பைப் போட்டுக்கொண்டு ஈரக் காலோடு போனார்.

பதிமூன்றாவது ஆளான ஸ்டீபனை ஏழாவது நாற்காலியில் உட்கார வைத்தேன். பள்ளிக்கூடத்தில் கிளார்க், காலில் ஒரு தூசி இருக்காது. நான் கூஜாவை எடுத்துக்கொண்டு ஃபாதர் கூடவே போனேன். ஏழாவது நாற்காலி முன்னால் முட்டி போட்டவர் நிமிர்ந்து ஸ்டீபன் முகத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து கழுவினார். மூன்றாவது வரிசையில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பெண், ஆறு நாற்காலியையும் எதிர் ஆறு நாற்காலியையும் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பூசை முடிந்து இடுப்புத் துண்டை அவிழ்த்துக்கொண்டே ஃபாதர் கேட்டார். "சேவியர் வரலையா?"

"வரல ஃபாதர்" என்றேன்.

அடுத்த வாரம் அவர் ஆட்டோ ஸ்டாண்டுக்கு இரண்டு முறை போனார். சேவியர் பாலவாக்கத்தில் மகளோடு போய் இருப்பதாகவும் வண்டியை அந்தப் பக்கமே ஓட்டுவதாகவும் சொன்னார்கள். போன் எடுக்கவில்லை. ஃபாதர் என்னிடம், "நான் அவசரப்பட்டுட்டேன் போல. அவன் மனசு இன்னும் தயாராகல" என்றார். தன்மேல் பழியைப் போட்டுக்கொண்டு அவர் அப்படிச் சொன்னபோதும் நான் பூக்களைத் தண்ணீரில் வைத்துக்கொண்டிருந்தேன். ஜூன் மாதம் அவருக்கு மாற்றல் வந்தது. திருத்தணிக்கு அப்பால் ஒரு கிராமப் பங்கு.

நான் மாதத்துக்கு ஒருமுறை பாவசங்கீர்த்தனம் செய்கிறவன். ஒவ்வொரு முறையும் முட்டி போட்டு, "சில பொய்கள் சொன்னேன் சாமி" என்று சொல்லுவேன். அந்தச் சிலதுக்குள் இதையும் போட்டு மறைத்துவிட்டதாக நினைப்பு. எந்தச் சாமியாரும் எந்தப் பொய் என்று கேட்கவில்லை. மன்னிப்பும் கொடுத்து அனுப்பினார்கள். வெளியே வந்து கதவைப் பூட்டும்போது அந்த ஈரக் கால் ஞாபகத்துக்கு வரும்.

ஒன்றரை வருடம் போயிற்று. சேவியர் அரசு ஆஸ்பத்திரியில் இருக்கிறார், காலை எடுக்கப் போகிறார்கள் என்று ஸ்டாண்டில் ஒருவர் சொன்னார். காலைப் பூசை முடிந்ததும் போனேன். மெலிந்து, தாடியோடு கட்டிலில் கிடந்தார். மகள் மருந்துச் சீட்டோடு வெளியே போயிருந்தாள். என்னைப் பார்த்ததும், "இன்னா கோயில்புள்ள, காலு க்ளீனா கீதான்னு பாக்க வந்தியா?" என்றார்.

பக்கத்துக் கட்டில்காரர் சிரித்தார், அவருக்கு விஷயம் தெரியாது. சேவியர் தானாகவே பேசினார். "உங்க ஃபாதர் ஒரு வருசம் என் வண்டில குந்திகினு பேசினாரு. அப்பால வாசல் வரைக்கும் வரச் சொல்லி, வேணான்னு சொல்லி அனுச்சாரு. எனக்கு மனசுல அதான் கீது. காலு இல்ல."

அப்போதும் நான் சொல்லவில்லை. என்னால் முடிந்தது, "ஃபாதர வரச் சொல்லட்டுமாண்ணே?" என்று கேட்டது மட்டும்தான். இங்கேயே பக்கத்தில் வேறு சாமியார் இருக்கிறாரே, அவரையாவது, என்றும் சொன்னேன். அவர் கூரையைப் பார்த்தார். "வேற யாரும் வேணாம். அவரு வந்தா வரட்டும்" என்றார்.

மாடிப்படியில் நின்று ஃபாதருக்கு போன் செய்தேன். போனிலேயே இரண்டு வார்த்தை பேசி ஜெபம் செய்துவிட்டால் என்ன என்றேன். "போன்ல பாவமன்னிப்பு கொடுக்க முடியாது ஆரோக்கியம். ஆள் ஆளுக்கு முன்னாடி இருக்கணும்" என்று சொல்லி, எந்த வார்டு என்று கேட்டார். மதியம் மூன்று மணிக்குத் தோளில் ஒரு பையோடு வந்து நின்றார். கட்டிலைச் சுற்றி மறைப்புத் துணியை நான்தான் இழுத்துவிட்டேன். பிறகு தாழ்வாரத்தில் போய் நின்றேன்.

இருபது நிமிடம் ஆனது. ஃபாதர் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். கண் சிவந்திருந்தது. கழுத்தில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போடும் ஊதாப் பட்டை அப்படியே இருந்தது. என்னைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு அப்போதுதான் உறைத்தது. சேவியர் உள்ளே குழாயடி விஷயத்தைச் சொல்லியிருந்தாலும் இவரால் என்னைக் கேட்க முடியாது. பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை வைத்து ஒரு கேள்விகூடக் கேட்கக் கூடாது. பஸ் ஏறிப் போய்விடுவார். நானாகச் சொன்னால்தான் உண்டு. சொல்லாவிட்டால் சாகும் வரைக்கும் யாரும் என்னைக் கேட்கப் போவதில்லை.

ஸ்ட்ரெச்சர் ஒன்று எங்களைக் கடந்து போகும் வரை காத்திருந்தேன். பிறகு அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். சோப்பு, பிரஷ், பதிமூன்றாவது ஆள், ஃபாதர் சொன்னாரா என்று சேவியர் கேட்டது, நான் திரும்பிக்கொண்டது, வரல ஃபாதர் என்றது எல்லாவற்றையும் சொன்னேன். அதுவரை யாரிடமும் அவ்வளவு நேரம் தொடர்ந்து பேசியதில்லை.

அவர் முகத்தைப் பார்த்தேன். அவருக்கு இது புதிது என்று தோன்றியது. கோபம் வரும் என்று நினைத்தேன். அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏழாவது நாற்காலி முன்னாடி முட்டி போட்டப்ப நிறுத்திக் கேட்டிருக்கணும்" என்றார். "கேக்கல. கேமரா ஓடிட்டிருந்துச்சு. அது மட்டும் இல்ல. அவன் கால் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும், வண்டியில வாரா வாரம் பாத்திருக்கேன். ஸ்டீபன் காலப் பாத்ததும் எனக்குள்ள ஒரு நிம்மதி வந்துச்சு, ஆரோக்கியம். அத அடுத்த நாளே அடையாறு போய்ச் சொன்னேன். அதுக்கப்புறமும் நாலஞ்சு வாட்டி சொல்லிட்டேன். நாளைக்கு மறுபடியும் சொல்லணும்."

பிறகு என் தலையில் கை வைத்து மன்னிப்பு ஜெபம் சொன்னார். அபராதமாக ஒரு ஜெபமும் கொடுக்கவில்லை. உள்ளே போய்ச் சேவியரிடம் நீயே சொல் என்றார்.

மறைப்புக்குள் போனேன். மகளும் வந்திருந்தாள். அவள் முன்னாலேயே சொன்னேன். "உங்கள அனுப்பினது நான்தாண்ணே. ஃபாதருக்குத் தெரியவே தெரியாது."

சேவியர் என்னைப் பார்க்கவில்லை. மகள்தான் பார்த்தாள். அந்தப் பார்வையைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை.

"ஒண்ணர வருசம்" என்றார் சேவியர். "ஒண்ணர வருசமா அந்த ஆள வாய்க்கு வந்தபடி திட்டிகினு இருந்தேன். இப்ப உள்ள எல்லாத்தையும் சொன்னேன், அத மட்டும் சொல்லல. மூஞ்சிக்கு நேரா எப்புட்றா சொல்றதுன்னு வுட்டுட்டேன்." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "அவர கூப்புடு. மறுபடியும் வரச் சொல்லு. நீ வெளிய போ. உன்ன இன்னா பண்றதுன்னு எனக்குத் தெர்ல."

ஃபாதர் பஸ்ஸுக்கு எழுந்து நின்றுகொண்டிருந்தார். சொன்னதும் பையைப் பெஞ்சில் வைத்துவிட்டுத் திரும்ப உள்ளே போனார். மகள் வெளியே வந்து, நான் இருந்த பெஞ்சில் உட்காராமல் எதிர்ப்பக்கம் சுவரோரம் நின்றாள்.

மறுநாள் காலை ஒன்பதரை மணிக்கு ஆபரேஷன் நடந்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். பத்து மணிக்குக் கோயிலில் ஒரு கல்யாணம் இருந்ததால் நான் போக முடியவில்லை.